முன்கூட்டியே நிரப்பிய தாள்

எங்கள் ஸ்கேன் தொழில்நுட்பர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ரேவதி என்னை மூன்று முறை போனில் கேட்டாள். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த ஸ்கேன் மையத்தில் என்னோடு ஏழு வருடம் இருந்தவள். இப்போது அங்கே எம்.ஆர்.ஐ. பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. சங்கத்துக்கும் அவள்தான் செயலாளர். நான்காவது முறை தலைப்பையும் அவளே கொடுத்துவிட்டாள்: ‘ஒருவரையும் திரும்ப அழைக்காமல் 2,904 ஆய்வுகள்: எப்படி?’

அந்த எண் என் சட்டைப்பை நோட்டிலிருந்து வந்தது. மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஆய்வில் படம் சரியாக விழாவிட்டால் நோயாளியை இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி யாரையும் வரச் சொல்லாமல் தொடர்ச்சியாக எத்தனை ஆய்வுகள் முடித்தேன் என்று நான் எழுதிவந்தேன். ஓய்வு பெற்ற அன்று 2,904. பிரிவுபசாரத்தில் முதலாளி அதை மைக்கில் வாசித்தார். இருபத்திரண்டு பேர் கை தட்டினார்கள்.

நான் எண்ணுகிற ஆள். திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்கும் என் வீட்டுக்கும் இடையே எத்தனை மின்கம்பங்கள் என்று கேட்டால் சொல்வேன். மாத்திரை அட்டையைத் தினமும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறேன். எண்ணாவிட்டால் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். என் மனைவி இருந்தவரை, “எண்ணி எண்ணி என்னத்தைக் கண்டீங்க?” என்பாள்.

ரேவதி கொடுத்த தலைப்பில் என்னால் எழுத முடியாது. 2,904 தவறான எண். சரியான எண் 617. அறுநூற்றுப் பதினெட்டாவது ஆளை நான் திரும்ப அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. அதனால் அந்த அம்மாளின் வலது சிறுநீரகம் போயிற்று.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. எக்ஸ்ரே இருட்டறையில் ஃபிலிம் கழுவுவதில் தொடங்கினேன், பிறகு சி.டி.; எம்.ஆர்.ஐ. எங்கள் மையத்துக்கு வந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கம்பெனி ஆள் ஒன்பது நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மீதியைக் கற்றுக்கொடுத்தவர், எங்கள் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் டாக்டர் கௌசல்யா மேடம்.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னைக் “கோதண்டராமன்” என்பார். கோபம் வந்தால் “கோதண்டராமன் சார்” என்பார். அந்த ‘சார்’ விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. படம் பார்க்கும்போது நாற்காலியை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டே பார்ப்பார். மருந்துக்கு முன் எடுத்த படம், மருந்துக்குப் பின் எடுத்த படம் இரண்டையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். எங்களிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: “இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் நடுவுல மருந்து மட்டும்தான் மாறணும். வேற எதுவும் மாறக் கூடாது. மாறினா எனக்குச் சொல்லிடுங்க. சொன்னா நான் சமாளிச்சுக்குவேன்.”

சொன்னால் சமாளித்துக்கொள்வேன் என்றார்.

வெளியில் இருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தால், அது நீர் கோத்த வெறும் பையா, சதை வளர்ந்த கட்டியா என்று பார்க்க வேண்டும். சதைக் கட்டிக்கு ரத்த ஓட்டம் உண்டு. அதனால் கை நரம்பில் ஏற்றுகிற மருந்து அதற்குள் போகும். போன இடம் படத்தில் வெளுக்கும். வெறும் பைக்குள் மருந்து போகாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில பைகளுக்குள் பழைய ரத்தம் தேங்கியிருக்கும். அந்த ரத்தம் மருந்துக்கு முன்பே படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். வெள்ளைமேல் வெள்ளை விழுந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே பின்னால் எடுத்த படத்திலிருந்து முன்னால் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் கழித்துக் கொடுக்கும். கழித்தபின் மிஞ்சும் வெள்ளைதான் மருந்து.

கழிக்க வேண்டுமானால் இரண்டு படத்திலும் சிறுநீரகம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சிறுநீரகமோ மூச்சோடு ஏறி இறங்குவது. மூச்சை இழுத்தால் கீழே போகும்; விட்டால் மேலே வரும். இழுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு இழுப்பார்கள். விடும்போது ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். அதனால் மேடம் வைத்த விதி: மூச்சை விட்டுவிட்டு அடக்க வேண்டும். பதினெட்டு நொடி. ஒரு சிறுநீரக ஆய்வில் இப்படி ஐந்து முறை. மருந்துக்கு முன் இரண்டு, பின் மூன்று.

இயந்திரத்திலேயே பதிவு செய்த ஒரு குரல் இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொல்லும். ஆவடி குடியிருப்புகளிலிருந்து வரும் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடும்பங்களில் சிலருக்கு அது போதும். மற்றவர்களுக்கு என் குரல்தான். “நல்லா இழுங்க. முழுசா விடுங்க. அப்படியே அடக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு…” என்று பதினெட்டு வரை மைக்கில் எண்ணுவேன். குகை மாதிரி குழாய்க்குள் படுத்திருப்பவர்களுக்கு எண் கேட்டால் பிடிமானம் கிடைக்கும். எண்ணுகிற வியாதி எனக்குச் சோறு போட்டது அங்கேதான்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு தாள் உண்டு. பெயர், எடை, ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, மருந்து எத்தனை மில்லி, அதன் கீழே ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் ‘மூச்சு’ என்று ஒரு கட்டம். விட்டு அடக்கினாரா, இழுத்து அடக்கினாரா என்று எழுத வேண்டும். மேடம் வடிவமைத்த தாள். ஒவ்வொரு படம் முடிந்தவுடன் எழுதச் சொன்னார். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் எழுதினேன். பிறகு, எப்போதும் ‘விட்டு’ என்றுதானே எழுதுகிறோம் என்று, நோயாளி உடை மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஐந்து கட்டத்தையும் நிரப்பிவைக்கத் தொடங்கினேன். விட்டு, விட்டு, விட்டு, விட்டு, விட்டு. ஒரே மாதிரி, ஒரே சாய்வில். என் தாள்கள் பார்க்க அழகாக இருக்கும். மற்ற தொழில்நுட்பர்களிடம் மேடமே என் தாளைக் காட்டியிருக்கிறார்.

அந்த அம்மாளின் பெயர் தனபாக்கியம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பெயரை எழுதுகிறேன். பாரிவாக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துவந்தார். அப்போது வயது நாற்பத்தாறு. இடுப்பு வலிக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் வலது சிறுநீரகத்தில், நட்ட நடுவில், நான்கு சென்டிமீட்டரில் ஒரு கட்டி. கூட வந்தவர் கணவர் ஏழுமலை. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.

இரும்புப் பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்கள் தாலிச்சரட்டில் ஊக்கு மாட்டிவைத்திருப்பார்கள். காந்தம் அதை இழுக்கும். கழற்றச் சொன்னால் பாதிப் பேர் அழுவார்கள். தனபாக்கியம் அழவில்லை. சரட்டோடு கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார்.

“ஏழு ஊக்கு கீது. எண்ணி வாங்கிக்க. ஒண்ணு கொறஞ்சாலும் ஊட்டுக்கு வரமாட்டேன்.”

“நீ பொட்டிக்குள்ள போய்ட்டு முழுசா வா மொதல்ல,” என்றார் ஏழுமலை. சரட்டைக் கைக்குட்டையில் சுற்றி மூடிய கையை அவர் கடைசிவரை திறக்கவில்லை.

மேசையில் படுத்தபின் அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: “சார், உள்ள இஸ்துகினு போய்ட்டு கரண்டு பூட்ச்சின்னா?”

“நான் இழுத்து வெளியில விட்டுருவேன்மா.”

“நீங்களே காத்தடிச்சா பறந்துடுவீங்க போலக்கீது.”

சிரித்தேன். தாள் ஏற்கெனவே நிரம்பி என் மேசையில் இருந்தது.

முன் படங்கள் இரண்டும் அருமையாக விழுந்தன. கட்டிக்குள் பழைய ரத்தம், வெள்ளையாக இருந்தது. ஐம்பத்து நான்கு கிலோ எடைக்குப் பதினொரு மில்லி மருந்து. ஏற்றினேன். சில நொடியில் மைக்கில் குரல்: “சார், கை ஜில்லுனு கீது. வயித்தப் பெரட்டுது.” இன்னும் கொஞ்ச நேரம்தான், மூச்சை விட்டு அடக்குங்கள் என்று எண்ணத் தொடங்கினேன். ஏழு வரும்போது வாய் திறந்து மூச்சு வாங்கிவிட்டார். மருந்து முதல் சுற்று போகும் நேரம் ஒருமுறைதான் வரும். காத்திருக்க முடியாது. “சரிம்மா, இழுத்தே அடக்குங்க,” என்றேன். இழுத்து அடக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் படத்தையும், அடுத்த இரண்டையும் இழுத்த மூச்சிலேயே எடுத்தேன்.

அதுவரை நான் செய்தது குற்றமில்லை. எந்தத் தொழில்நுட்பரும் அதைத்தான் செய்வார். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். தாளில் கடைசி மூன்று ‘விட்டு’களை அடித்து ‘இழுத்து’ என்று எழுத வேண்டும். மருந்து உடம்பில் ஏறியபின் ‘மருந்துக்கு முன்’ படத்தை அன்றைக்கு மறுபடி எடுக்க முடியாது என்பதால், மேடம் அவரை வேறொரு நாள் அழைப்பார். நோட்டில் 617-இன் கீழே ஒரு கோடு போட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் தாளைப் பார்த்தேன். ஐந்து ‘விட்டு’ம் அழகாக இருந்தது. கழித்த படமும் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. தாளை ஸ்கேன் செய்து படத்தோடு அனுப்பிவிட்டேன்.

மேடம் பிற்பகலில் வேறொரு ஆஸ்பத்திரியில் இருப்பார். அங்கிருந்தே எங்கள் படங்களைப் பார்ப்பார். நான்கு மணிக்குப் போன் வந்தது.

“கோதண்டராமன், அந்த பாரிவாக்கம் அம்மாவோட படம். கட்டிக்குள்ள ஓரமா ஒரு பிறை மாதிரி வெளுப்பு மிஞ்சுது. மூச்சு மாறியிருந்தா பக்கத்துச் சதை உள்ள வந்து இப்படித் தெரியும். மாறலையே?”

“இல்ல மேடம்.”

“அஞ்சும் விட்டுதானே?”

“ஆமா மேடம். தாள்ல இருக்கே.”

“சரி. நீங்க சொன்னா சரி.”

பேச்சு அரை நிமிடம்கூட இல்லை. அவ்வளவு தெளிவாகக் கேட்டார். எனக்குப் பயம் யாரிடமும் இல்லை, வேலை போகாது, திட்டுகூட விழாது. நோட்டில் 618 என்று எழுத வேண்டும் என்கிற ஆசை ஒன்றுதான். அன்று மாலை எழுதினேன்.

கட்டியின் சுவரில் மருந்து ஏறுகிறது, புற்றுநோயாக இருக்கச் சந்தேகம் என்று அறிக்கை போனது. கட்டி நடுவில் இருந்ததால் அதைமட்டும் வெட்டி எடுக்க முடியாது என்று ஒரு ஆஸ்பத்திரியில் வலது சிறுநீரகம் முழுவதையும் எடுத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஏழுமலை எங்கள் மையத்துக்கு வந்தார். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு பெட்டி. வரவேற்பில் இருந்த பெண் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் நீட்டினார்.

“கேன்சர் இல்லன்ட்டாங்கோ சார்! அறுத்துப் பாத்தா வெறும் ரத்தக்கட்டாம். இன்னா மாதிரி பயந்து கெடந்தோம் தெரியுமா? நீங்கதான் சார் கரீட்டா காட்டிக் குடுத்தீங்க. கேன்சரா மாறதுக்கு முன்னாடியே எட்த்துட்டாங்கோ. எடுத்துக்குங்க சார். இன்னொண்ணு எடுத்துக்குங்க.”

எனக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. வெறும் ரத்தக்கட்டு என்றால் அந்தப் பிறை நான் மறைத்த மூச்சு மாற்றம். உண்மையைச் சொல்ல அப்போது வாய் இருந்தது. அதற்குள் மைசூர்பாகு இருந்தது.

அடுத்த மாதம் மேடம் இளம் டாக்டர்களுக்கு எடுக்கும் வகுப்பில் இந்தப் படங்களைப் போட்டார். கம்ப்யூட்டரில் படம் மாற்றிக் கொடுப்பது என் வேலை. பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் வழக்கம்போல நின்றுகொண்டு, “இது நான் பண்ணின தப்பு,” என்று தொடங்கினார். “பிறையைப் பாத்தேன். சந்தேகமும் வந்துச்சு. டெக்னீஷியன்கிட்ட கேட்டேன். அவர் சரியாத்தான் எடுத்திருக்காரு. ஆனா விட்டு அடக்கச் சொன்னாலும் நோயாளி எல்லாத் தடவையும் ஒரே அளவு விட மாட்டாங்க. கல்லீரல் ஓரம் நகர்ந்திருக்கான்னு நான் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கலை. ஒரு அம்மாவுக்குக் கிட்னி போச்சு. நெக்ஸ்ட் போடுங்க, கோதண்டராமன்.”

நான் அடுத்த படத்தைப் போட்டேன்.

அதன் பிறகு மேடம் எந்தச் சிறுநீரகப் படத்தையும் தனியாகப் படிக்கவில்லை. இன்னொரு டாக்டரையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்திடுவார். ‘எனக்குக் கிட்னியில ராசி இல்ல’ என்று விளையாட்டாகச் சொல்வார். நான் தினமும் பக்கத்தில் நின்றேன். அந்த ஆய்வுக்குப் பிறகு முன்கூட்டித் தாள் நிரப்புவதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்களோ என்று பயம்.

பதினொரு வருடம் போயிற்று. இந்தச் சித்திரையில் ஒரு காலை ஏழுமலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். குத்தம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையத்தின் பக்கம் செக்யூரிட்டி வேலை. மையத்தில் கேட்டு என் விலாசம் வாங்கியிருக்கிறார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு அல்ட்ராசவுண்டு அறிக்கையை எடுத்து நீட்டினார். இடது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டரில் ஒரு கட்டி.

“அதே மாதிரி வந்துகீது சார். போன தபா சீக்கிரமா எட்த்ததாலதான தப்பிச்சுது. இதையும் ஒடனே எட்த்துடலாம்னு எங்க ஊட்ல ஒத்த கால்ல நிக்குது. டாக்டரு இன்னாடான்னா இன்னொரு தபா எம்மாரை எடு, அப்புறம் பாக்கலான்றாரு. எதுக்கு சார் நாளக் கடத்தணும்? நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவுரு கேப்பாரு.”

“இருக்கறது அது ஒண்ணுதானேப்பா?”

“அதான் சார் பயமே. கேன்சராயிட்ச்சின்னா? கிட்னி போனாலும் பரவால்ல, டயாலிஸ்னாலும் பாத்துக்கலாம், உசுரு இருந்தா போதும்னுது.”

நான் சொன்ன பொய் அந்த வீட்டில் பதினொரு வருடமாக ஒரு பாடமாக இருந்திருக்கிறது: கட்டி என்றால் காத்திருக்காதே, வெட்டி எடு. அந்தப் பாடத்தை நம்பி இரண்டாவதையும் கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள். இனி வாயை மூடிக்கொண்டிருக்க வழியில்லை. “நாளைக்கு நானே வீட்டுக்கு வரேன்,” என்றேன்.

மறுநாள் ஆவடியில் பூந்தமல்லி பஸ் பிடித்தேன். பாரிவாக்கம் போய்ச் சேரும்வரை ஒன்பது நிறுத்தம். ஒவ்வொன்றிலும் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. எல்லைக்கல் நட்ட காலி மனைகளைத் தாண்டி இரண்டு அறை வீடு. தனபாக்கியம் இளைத்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ கொடுத்தார். டீயைத் தொடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு, தாள், போன், நோட்டு. ஏழுமலைக்குப் பாதிக்குமேல் புரியவில்லை, “இன்னா சார், நீங்க நல்லதுதான பண்ணீங்க?” என்று இடையில் இரண்டு முறை கேட்டார். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப என் கிட்னி நல்லாத்தான் இர்ந்துச்சா?”

“நல்லா இருந்துச்சும்மா. உள்ள ஒரு ரத்தக்கட்டு. அவ்வளவுதான். எடுத்திருக்க வேணாம்.”

“நீங்க பொய் சொன்னதாலதான் எட்த்தாங்களா?”

“ஆமா.”

அவர் ஏழுமலை பக்கம் கையைக் காட்டினார்.

“கேன்சர் இல்லன்னு இவுரு மைசூர்பாகு எட்த்துகினு வந்தாரே. துன்னீங்களா?”

“தின்னேம்மா.”

“எத்தினி?”

அதையும் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. பதில் என்னிடம் இருந்தது. “ரெண்டு,” என்றேன்.

ஏழுமலை எழுந்து வெளியே போய்விட்டார். தனபாக்கியம் நான் குடிக்காத டீயை எடுத்து உள்ளே கொண்டுபோய் ஊற்றினார். திரும்பி வந்து வாசற்படியில் நின்று சொன்னார்: “எம்மாரை எட்த்துக்கறேன். ஒடனே அறுக்கச் சொல்லி நிக்கமாட்டேன். ஆனா நீங்க உள்ள வந்து எண்ணாதீங்க. ஒங்க கொரலு எனுக்கு வேணாம்.”

அன்றே மேடத்துக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“நான் கேட்டேனே, கோதண்டராமன் சார்,” என்றார். “உங்களைக் கேட்டேனே.”

வைத்துவிட்டார். எட்டு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. “ரேவதி மலருக்கு ஏதோ கேட்டாளாமே. இதை எழுதுங்க. தாள் எப்படி நிரப்பினீங்கங்கறதையும் எழுதுங்க,” என்றார். அதனால்தான் எழுதுகிறேன். என் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பதறிக்கொண்டு படிப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனபாக்கியத்தின் இடது சிறுநீரகம் அவரிடமே இருக்கிறது. கட்டிக்குள் மருந்து போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று இரண்டு டாக்டர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே அது தெரிந்துவிடவில்லை.

அந்த முதல் நாள் மையத்துக்கு நானும் போனேன். உள்ளே போகவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு கோடியில் ஏழுமலை. கைக்குட்டையில் சுற்றிய தாலிச்சரடு மூடிய கைக்குள். மறு கோடியில் நான். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம். புது இயந்திரம், தமிழிலேயே மூச்சை விடச் சொல்கிறது. சுவர் வழியாக அதன் தட்டும் சத்தம் கேட்கும். சத்தம் தொடங்கியதும் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். முதல் முறை பதினெட்டு. இரண்டாவது பதினெட்டு. பிறகு மருந்து ஏறும் இடைவெளி. மூன்றாவது முறை சத்தம் பதினெட்டு வரை வந்தது, ஆனால் நடுவில் இருமல் கேட்டது.

ரேவதி கதவைத் திறந்துகொண்டு ஏழுமலையிடம் வந்தாள். கையில் தாள். மேடம் வடிவமைத்த அதே தாள். மூன்றாவது கட்டத்தில் ஏதோ அடித்துத் திருத்தியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது.

“அண்ணா, மருந்து போனதும் அம்மாவுக்குக் கொமட்டல். மூச்சு மாறிடுச்சு. இந்தப் படத்தை வச்சு முடிவு சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, திரும்ப எடுத்துக்கலாம்.”

ஏழுமலை எழுந்தார். “இவ்ளோதானா?”

“இவ்ளோதாண்ணா. இது அடிக்கடி நடக்கறதுதான்.”

அவர் என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

“இன்னொரு தபா வரச் சொல்லணும். இவ்ளோதானா சார்?”

“இவ்வளவுதான்,” என்றேன்.